தர நிர்ணயக் கமிட்டிகளும் நம் சங்கங்களும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கடற்கரையை நோக்கிச் செல்பவர்கள் தேவனாம்பட்டினத்தில் ஒரு பழைய கோட்டையின் மிச்சங்களைக் காணலாம். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அதனை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அவர்கள் இக்கரையை நாடி வந்ததற்கு முக்கியக் காரணம் நம் துணி. சுற்றுப்புறத்து ஊர்களில் நெய்யப்பட்ட துணிகள் வியாபாரிகள் மூலம் கோட்டைக்கு வந்து சேரும். அங்கே கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அவற்றைப் பிரித்துப் பார்ப்பார்கள். 'மஸ்டர்' என்று வழங்கிய மாதிரித் துணி ஒன்று அவர்கள் பக்கத்தில் இருக்கும். அதற்கு ஒத்ததை ஏற்பார்கள். குறைந்ததை விலை குறைத்து எடுப்பார்கள், அல்லது தள்ளிவிடுவார்கள். தள்ளப்பட்ட துணியின் நஷ்டம் கடைசியில் யார் தலையில் விடிந்தது என்பதைத் தறிக்காரக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

அந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தவர் யார், இழை நெருக்கம் ஏன் இவ்வளவு, அகலம் ஏன் இவ்வளவு என்று கேட்பதற்கு அக்காலத்து நெசவாளிக்கு வழியே கிடையாது. இப்பொழுது மாதிரித் துணியின் இடத்தில் அச்சிட்ட தாள் வந்திருக்கிறது. தாளின் தலையில் ஓர் எண். உள்ளே வாசகங்கள், அட்டவணைகள், சோதனை முறைகள். இதற்கும் ஒத்ததை ஏற்பார்கள், ஒவ்வாததைத் தள்ளுவார்கள். அவ்வகையில் பெரிய மாறுதல் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இத்தாள் எழுதப்படும் அறையின் கதவு பூட்டியிருக்கவில்லை. நம் தேசத்துக்கு அங்கே நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று, 'எங்கள் ஊரில் நிலைமை இப்படி' என்று காதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம்தான் போகவில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று ஏற்றுமதி வியாபாரி ஒருவருக்குக் கைலி அனுப்பிற்று. கட்டுகள் திரும்பி வந்தன. கூட வந்த கடிதத்தில் ஓர் எண்ணும், 'சாயம் பொருந்தவில்லை' என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. காரியதரிசி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "ஐயா, இந்த நம்பர் என்ன, யார் வைத்தது?" என்று கேட்டார். என்ன என்பதைச் சொல்ல முடிந்தது. யார் வைத்தது என்பதற்குப் பதில் சொல்ல எனக்கு நாவெழவில்லை. நம் தேசமும் கூட இருந்து வைத்தது என்பதே உண்மையான பதில்.

சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் என்பது அரசாங்கங்களின் அவை அன்று. ஒவ்வொரு தேசத்தின் தர நிர்ணய அமைப்பும் சேர்ந்த சபை. 1946-ஆம் ஆண்டு அக்டோபரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடி அதனை அமைக்கத் தீர்மானித்தனர். 1947 பிப்ரவரி 23-ஆம் தேதி அது வேலையைத் தொடங்கியது. ஸ்தாபக உறுப்பினர்களில் இந்தியாவும் ஒன்று. நம் சொந்தத் தர நிர்ணய ஸ்தாபனம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1947 ஜனவரியிலேயே பிறந்துவிட்டது. அதாவது சுதந்திரத்திற்கு ஏழு மாதம் முந்தி. அதுவே 1987-இலிருந்து இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்ற பெயரில் நடந்து வருகிறது. உணவுப் பொருள்களுக்கு வேறொரு சபை: ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் 1960-களின் தொடக்கத்தில் கூட்டாக ஏற்படுத்திய கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் கமிஷன். அது அரசாங்கங்களின் சபை. அதற்கு இந்தியாவின் தொடர்பு அலுவலகம் டில்லியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் இருக்கிறது.

இவர்கள் எழுதும் தாள்கள் சட்டமல்ல. விரும்பினால் ஏற்கலாம் என்றுதான் ஆதியில் இருந்தது. 1995-இல் உலக வர்த்தக ஸ்தாபனம் ஏற்பட்ட பின் நிலைமை மாறிற்று. ஒரு நாடு இறக்குமதிக்கு நிபந்தனை விதிக்கும்போது, சர்வதேச நிர்ணயம் இருக்குமானால் அதனை ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லுகிறது. ஆகவே கமிட்டி அறையில் இன்று எழுதப்படும் வாசகம் சில ஆண்டுகளில் வாங்குவோர் ஒப்பந்தத்தில் இடம்பெறுகிறது. பிறகு சுங்கச் சாவடியில் வந்து நிற்கிறது. நம் கைக்குத் திரும்பி வந்த கட்டு அங்கிருந்துதான் வந்தது.

சாயத்தின் கதையை முதலில் சொல்லுகிறேன். 1994-இல் ஜெர்மனி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அஸோ வகைச் சாயங்களில் சில, புற்றுநோய் விளைவிக்கக் கூடிய அமைன் என்னும் பொருள்களாகப் பிரியக் கூடியவை; அப்படிப்பட்ட சாயம் தோய்ந்த துணி உடம்பில் படும்படி விற்கப்படலாகாது என்பதே அதன் சாரம். நியாயமான உத்தரவு. சாயத்தொட்டியில் கைவிட்டு வேலை செய்கிறவன் நம் ஆள். அவனைவிட அந்த விஷத்துக்கு நெருக்கமானவர் எவருமில்லை. 1997-இல் நம் அரசாங்கமும் 70 அஸோ சாயங்களைத் தடை செய்தது. 2002-இல் ஐரோப்பா முழுமைக்குமாக 22 அமைன்களின் பட்டியல் வந்தது. துணியின் ஒரு கிலோவில் 30 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் தென்படலாகாது என்று அளவும் வைத்தார்கள். சோதனை முறை ஐரோப்பாவில் எழுதப்பட்டு, 2014-இல் சர்வதேச நிர்ணயமாகவும் வெளிவந்தது.

நம் பட்டறைகளில் நேர்ந்தது என்ன? மலிவான டைரக்ட் சாயங்கள் பல பட்டியலில் விழுந்தன. கைலியின் சிவப்புக்கும் அரக்குக்கும் நாப்தாலோடு சேர்க்கும் 'பேஸ்' சிலவும் விழுந்தன. ஆனால் நம் சாயக்காரர் கடையில் வாங்குவது கடைப்பெயரைச் சொல்லி. டப்பாவின் மேல் சாயத்தின் சர்வதேச வரிசை எண் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எனவே எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று தெரியாமல், சிலர் எல்லாவற்றையும் விட்டனர். சிலர் ஒன்றையும் விடவில்லை. விதி எழுதப்பட்டபோதே ஒருவர் எழுந்து, "சிறு பட்டறைகளுக்குச் செலவு குறைந்த முதற்சோதனை ஒன்றும் சேர்த்து எழுதுங்கள், மாற்றுச் சாயத்துக்கு இவ்வளவு காலம் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சாயக் கெட்டி விஷயத்தில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. துணியைத் துவைத்தால் சாயம் நிற்குமா என்று பார்க்கும் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 105 என்ற வரிசையில் முறைகள் உண்டு. வீட்டுச் சலவைக்கான ஒரு முறையில், துணித் துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, எஃகுக் கலத்தில் சலவைத்தூள் கரைசலிட்டு, 40 பாகை வெப்பத்தில் 10 எஃகுக் குண்டுகளோடு 30 நிமிடம் சுழற்றுகிறார்கள். பிறகு சாயம் வெளுத்ததையும் வெள்ளையில் ஏறியதையும் சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இது சலவை இயந்திரத்தைப் பாவித்துச் செய்த சோதனை. நம் கைலி கிணற்றடியில் தண்ணீரில் நனைத்து, கட்டிச் சோப்புப் போட்டு, கல்லில் அடிக்கப்படுகிறது. அதற்குக் குண்டுகளும் தேவையில்லை, 40 பாகையும் தேவையில்லை. இதனால் அந்தச் சோதனை தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே துணியை எங்கு சோதித்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கு அது. அதன் பயன் பெரிது. ஆனால் மதிப்பெண் 3 என்றும் 4 என்றும் தாளில் நிற்கும்போது, அதனுள்ளே ஒரு குறிப்பிட்ட வீட்டின் சலவை வழக்கம் ஒளிந்திருக்கிறது என்பதைக் காண வேண்டும். இத்தகைய ஒளிந்த தீர்மானங்களே கமிட்டிகளில் மிக அதிகம். எண்ணைப் பற்றிச் சண்டை போட வருகிறவர்கள் பலர்; சோதனை நிபந்தனையை எழுதும் நாளில் வருகிறவர்கள் சிலர்.

(சாயம் போவதையே பெருமையாக்கி விற்ற கதையும் உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்கா சென்ற சென்னைச் சட்டைத் துணி துவைத்ததும் சாயம் கலந்துவிட, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தனர்; பிறகு 'சாயம் நிச்சயம் போகும்' என்றே விளம்பரம் செய்து அதை விற்றார்கள் என்பர். விளம்பரக்காரரின் சாமர்த்தியம் அது. ஒருமுறை பலிக்கும்; அதை நம்பிச் சங்கம் நடத்த முடியாது.)

இனி விவசாயிகள் பக்கம் வருவோம். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்தில் மணிலாக்கொட்டை பயிரிடாத குடும்பம் குறைவு. கொட்டையில் பூஞ்சணம் ஏறினால் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். அது ஈரலைப் பாதிக்கும். இதைப் பற்றிய சர்வதேச வாதம் நம் சங்கங்கள் ஊன்றிப் படிக்கத் தக்கது. 1998-இல் ஐரோப்பிய சமூகம் ஓர் அளவு முன்மொழிந்தது. பிரித்தெடுக்கவோ பக்குவம் செய்யவோ போகும் மணிலாவில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது, நேரே உண்ணும் மணிலாவில் 4-க்கு மேல் இருக்கலாகாது என்பது யோசனை. அர்ஜென்டீனா, பிரேஸில், இந்தியா முதலிய பல நாடுகள் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் குழுவில் எழுந்து ஆதாரம் கேட்டன. விளைவு: பக்குவத்துக்குப் போகும் கொட்டைக்கு 10 என்றிருந்தது 15 ஆயிற்று. நேரே உண்பதற்கு 4 என்பது அசையவில்லை. மறு ஆண்டு, 1999-இல், கோடெக்ஸும் பக்குவத்துக்குப் போகும் மணிலாவுக்கு 15 என்றே நிர்ணயித்தது.

ஆதாரம் என்றேன். அதே காலத்தில் உணவு விவசாய ஸ்தாபனமும் சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்த விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்கிட்டது. ஈரல் காமாலைக் கிருமி குறைவாக உள்ள தேசங்களில், அளவை 20-லிருந்து 10 ஆகக் குறைத்தால், 100 கோடி மக்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 புற்றுநோய்கள் குறையும் என்பது அக்கணக்கு. இந்த ஒரு வரி கையிலிருந்ததனால்தான், ஏழை நாடுகளின் ஆட்சேபணை அழுகையாக ஒலிக்காமல் வாதமாக ஒலித்தது. பின்னர் உலக வங்கியின் ஆராய்ச்சியாளர்கள், ஐரோப்பிய அளவால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஆண்டுக்கு 67 கோடி டாலர் ஏற்றுமதி நஷ்டம் என்று எழுதினர். வேறு சிலர் அதை ஒப்பவில்லை. அந்தத் தர்க்கம் இருக்கட்டும்.

எண்ணைவிட முக்கியமான ஒன்றை நம் களத்துக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நஞ்சு சாக்கு முழுதும் ஒரே சீராகப் பரவியிராது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் ஏறியிருக்கும். அந்த ஒன்றிரண்டு மாதிரியில் அகப்பட்டால் சரக்கு தோற்கும், அகப்படாவிட்டால் ஜெயிக்கும். கோடெக்ஸ் முறையில் 20 கிலோ மாதிரி ஒன்றை எடுத்து ஒருமுறை சோதித்தால் போதும். அந்நாளைய ஐரோப்பிய முறையிலோ 30 கிலோ எடுத்து மூன்று பங்காக்குவார்கள். நேரே உண்ணும் சரக்கானால் மூன்றும் தேற வேண்டும், ஒன்று தவறினாலும் முழுச் சரக்கும் தள்ளுபடி. ஆகவே ஒரே விளைச்சல் ஒரு முறையில் தேறி மற்றதில் விழக் கூடும். சாக்கை எங்கே குத்துவது, எத்தனை இடத்தில் குத்துவது என்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாள்தோறும் வாதாடுகிற நம் விவசாயிக்கு இது புதிய விஷயமா? கமிட்டியில் பேச வேண்டிய அறிவு அவனிடம் இருக்கிறது. அதை எழுதித் தருகிறவர் இல்லை.

நேரே உண்ணும் மணிலாவுக்கும் கோடெக்ஸில் ஓர் அளவு வேண்டும் என்ற முயற்சியில் இந்தியாவே பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தது. இது சந்தோஷமான விஷயம். ஆயினும் 2018-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் 10 என்ற வரைவு எண் மேற்கொண்டு நகராமல் நிறுத்தி வைக்கப்பட்டது. நாடுகள் இன்னும் அளவீடுகள் அனுப்ப வேண்டும், 2004-இல் வகுத்த சாகுபடி, உலர்த்தல் நடைமுறைகள் களத்தில் பரவ வேண்டும் என்பது காரணம். அளவீடு என்பது டில்லியில் விளைவதில்லை. அறுவடைக்கு முன் கடைசி மழை தவறிய வயலில் எவ்வளவு நஞ்சு, பிடுங்கியதும் மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்த கொட்டையில் எவ்வளவு என்ற கணக்கு நம் ஜில்லாவில்தான் விளைய வேண்டும். விருத்தாசலத்தில் மணிலாவுக்கும் முந்திரிக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் மணிலா ரகங்கள் அங்கிருந்து வந்தவையே. அவர்கள் கேட்டால் மாதிரி கொடுக்க நம் சங்கங்கள் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கமிட்டிகள் எப்படி நடக்கின்றன என்பதை அறியாமல் அவற்றில் பங்கு கொள்ள முடியாது. பலர் நினைப்பது போல, பெரிய மண்டபத்தில் ஒருவர் எழுந்து ஆவேசமாகப் பேசி ஜெயிக்கும் இடமல்ல அது. வேலையில் பெரும்பகுதி இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, கடிதங்களில் முடிந்துவிடுகிறது. சர்வதேச ஸ்தாபனத்தில் புதிய வேலை ஒன்று தொடங்க வேண்டுமானால், வாக்களிக்கும் உறுப்பினரில் பெரும்பாலோர் ஒப்புவதோடு, குறைந்தது ஐந்து நாடுகள் (சிறிய கமிட்டியானால் நான்கு) நிபுணர்களைக் கொடுக்க முன்வர வேண்டும். முதல் வரைவை எழுதுகிறவர்கள் அந்த நிபுணர்களே. வரைவு சுற்றுக்கு வரும்போது 12 வாரம் அவகாசம் உண்டு. பங்கேற்கும் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்து, மொத்த வாக்கில் எதிர்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டாமலிருந்தால் தேறிவிடும். வாக்களியாமல் ஒதுங்கியவரை எண்ணுவதேயில்லை. ஒருமித்த கருத்து என்ற சொல்லுக்கு அங்கே ஏகமனது என்று பொருளல்ல. முக்கியமான தரப்பு ஒன்று விடாமல் எதிர்த்து நிற்கவில்லை என்பதுதான் பொருள். ஆகவே சும்மா இருப்பதும் அங்கே சம்மதமாகவே முடிகிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து திட்டுகிறவர்களை நாம் அறிவோம், அங்கும் அப்படித்தான்.

ஆட்சேபணை சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. எந்தப் பிரிவு, எந்த வரி, ஆட்சேபணை பொதுவானதா, தொழில் நுட்பமானதா, சொல் திருத்தமா என்று முதலில் குறிக்க வேண்டும். அடுத்து காரணம். அதற்கடுத்து மாற்று வாசகம். 'இந்த விதி எங்களுக்குக் கஷ்டம்' என்று எழுதினால் செயலாளர் 'கவனிக்கப்பட்டது' என்று குறித்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். 'இப்பிரிவில் இச்சொல்லை நீக்கி இதைச் சேர்க்க. காரணம், இத்தனை மாதிரிகளில் இன்ன விடை வந்தது' என்று எழுதினால் கமிட்டி அதை விவாதித்தே தீர வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுதவும் வேண்டும். தாளை ஊன்றிப் படிக்கும் கண்ணும் வேண்டும். ஆங்கில வரைவில் 'ஷல்' என்று வந்தால் கட்டாயம். 'ஷுட்' என்று வந்தால் செய்தால் நலம் என்று பொருள். தமிழில் பெயர்க்கும்போது அநேகர் இரண்டையும் 'வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சாயப்பட்டறையின் வாழ்வும் தாழ்வும் அந்த ஒரு சொல்லில் தொங்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக, ஒரே ஆள் தொடர்ந்து போக வேண்டும். ஒரு நிர்ணயம் முடிய மூன்று ஆண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். முதற்கூட்டத்துக்கு ஓர் அதிகாரி, இரண்டாவதற்கு வேறொருவர், மூன்றாவதற்கு எவரும் இல்லை என்றால், முன்பு யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதே தெரியாமற் போகும். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளின் ஆட்கள் இருபது ஆண்டு ஒரே கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நமக்குச் சத்துருக்கள் அல்லர். தங்கள் சரக்கை நன்கு அறிந்தவர்கள், தங்கள் சௌகரியத்தையும் அறிந்தவர்கள். நம் உத்தியோகஸ்தர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் மாற்றலாகிப் போகிறவர் கையில் கொடுத்தனுப்ப நாம் ஒரு தாளாவது எழுதி வைத்திருந்தோமா?

நன்றாகச் செய்தபோது பலன் இருந்திருக்கிறது. வாசனைப் பொருள்களுக்கென்று கோடெக்ஸில் தனிக் கமிட்டி இல்லாதிருந்தது. இந்தியா முயன்று, 2013-இல் அது ஏற்பட்டது. நடத்தும் பொறுப்பையும் செலவையும் நாமே ஏற்றோம். 2014 பிப்ரவரியில் கொச்சியில் முதற்கூட்டம் கூடிற்று. 2017-இல் மிளகுக்கும் சீரகத்துக்கும் உலக நிர்ணயங்கள் வந்துவிட்டன. சர்வதேச ஸ்தாபனத்திலும் வாசனைப் பொருள்களுக்கான உட்கமிட்டியின் செயலகம் இந்தியாவிடம் இருக்கிறது. செயலகம் யாரிடம் இருக்கிறதோ அவர் வரைவைச் சுற்றுக்கு விடுகிறார், காலக் கெடு வைக்கிறார்; இது லேசான அதிகாரமன்று.

நம் முந்திரியே இன்னொரு சாட்சி. பருப்பு வியாபாரத்தில் உலகெங்கும் 'டபிள்யூ 240', 'டபிள்யூ 320' என்கிறார்கள். ஒரு ராத்தலில் 300 முதல் 320 வெள்ளை முழுப்பருப்பு நின்றால் அது 'டபிள்யூ 320'. இது இந்திய ஏற்றுமதித் தரப்பிரிவிலிருந்து வளர்ந்த கணக்கு. வியட்நாமிலும் ஆப்பிரிக்காவிலும் உடைக்கும் பருப்புக்கும் இன்று அதே பெயர் வழங்குகிறது. பண்ருட்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கும் பெண்களின் விரல் பழக்கம் உலகத்தின் அளவுகோலாகிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் அந்த எண்ணுக்கு மேல் ஈரப்பதம் எவ்வளவு, உடைசல் எத்தனை விழுக்காடு, கருகல் என்பது எது என்ற விவரங்களை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்குவோர் சங்கங்கள் எழுதிக்கொண்டே போகின்றன. பெயர் நம்முடையது, விவரம் அவர்களுடையது என்ற நிலை வந்தால் பெயரால் பயனில்லை.

"இதெல்லாம் சர்க்கார் வேலை, நாம் நூல் விலைக்கே அல்லாடுகிறோம்" என்று சொல்லுகிறவர்களுக்கு நான் கோபத்தோடு பதில் சொல்ல மாட்டேன். நூல் விலை உண்மையான துன்பம். ஆனால் சர்க்கார் சார்பில் போகிறவர் நம் சாயத் தொட்டியைப் பார்த்ததில்லை என்பதும் உண்மை. தனி நெசவாளியால் ஆகாததைச் செய்யத்தான் சங்கம் வைத்தோம். நூலைச் சேர்ந்து வாங்குகிறோம், துணியைச் சேர்ந்து விற்கிறோம். கருத்தைச் சேர்ந்து சொல்ல மட்டும் ஏன் கூடாது? வேறு சிலர், இந்த நிர்ணயங்களே ஏழைகளை மிதிக்கும் சூழ்ச்சி, இவற்றை ஒட்டுமொத்தமாக எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். இதை நான் ஒப்பவில்லை. பூஞ்சணம் பிடித்த மணிலாவை ஐரோப்பியக் குழந்தை தின்னாது. நம் குழந்தை தின்னும். நமக்காகத் தளர்த்துங்கள் என்று கேட்பது தவறு. எந்த அளவு உண்மையில் காப்பாற்றுகிறதோ, எந்தச் சோதனை களத்தில் நடக்கக் கூடியதோ, அதை வையுங்கள் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

செய்யக் கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் ஒரு புத்தகம் வேண்டும்: எந்தத் தேதியில் எந்தச் சாயம், யாரிடம் வாங்கியது, டப்பாவிலுள்ள வரிசை எண் என்ன, எத்தனை கழி நூலுக்கு, எந்தப் பாவுக்கு. பட்டறைக்காரர் முதலில் முணுமுணுப்பார். கட்டு ஒன்று திரும்பி வரும் நாளில் அவரே அந்தப் புத்தகத்தைத் தேடுவார். மணிலாவுக்கும் அதுபோலவே, பிடுங்கிய நாள், காய்ந்த நாட்கள், மூட்டையிட்ட நாள். இந்தக் குறிப்புகள் ஐந்து ஆண்டு சேர்ந்தால், எந்த நிபுணரும் மறுக்க முடியாத ஆதாரம் நம் கையில் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுகிறது. சென்னைத் தரமணியில் அதற்கு அலுவலகம் உண்டு. உலக வர்த்தக ஸ்தாபனத்துக்கு நாடுகள் அறிவிக்கும் புதிய விதிகளுக்கும் 60 நாள் கருத்துக் காலம் தருவது வழக்கம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பகுதியும் பொறியியற் பகுதியும் இருக்கின்றன. ஒரு வரைவைப் படித்துப் பொருள் சொல்ல ஓர் ஆசிரியரை அணுகினால் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். கூட்டங்கள் பலவும் இக்காலத்தில் திரையிலேயே நடப்பதால் ஜெனீவாவுக்குப் பயணப்படி இல்லை என்ற சாக்கும் பாதி போய்விட்டது.

அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களின் நெசவாளர் சங்கங்களும், விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகள் சங்கங்களும் சேர்ந்து மூவர் கொண்ட ஒரு குழு அமைக்க வேண்டும். ஒருவர் சாயம் அறிந்தவர், ஒருவர் களம் அறிந்தவர், மூன்றாமவர் ஆங்கிலம் படித்த இளைஞர். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஆள் மாறக் கூடாது. மாதம் ஒருமுறை வரைவுகளைப் பார்த்து, நம்மைத் தொடுவதைத் தமிழில் சுருக்கி இப்பத்திரிகையில் வெளியிட வேண்டும். அங்கத்தினர் கருத்தைச் சேர்த்து, பிரிவும் வரியும் மாற்று வாசகமுமாகச் சென்னைக்கும் டில்லிக்கும் அனுப்ப வேண்டும். தபால் செலவும் அந்த இளைஞருக்கு ஒரு சிறு தொகையும் தவிர வேறு செலவில்லை. முதல் வேலையாக, திரும்பி வந்த அந்தக் கைலிக் கட்டுடன் வந்த கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதிலுள்ள எண்ணுக்குரிய தாள் எப்பொழுது மறுபரிசீலனைக்கு வருகிறது என்று விசாரித்து எழுதும்படி அந்தச் சங்கத்துக் காரியதரிசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாயப் புத்தகம் ஏற்கெனவே வைத்திருக்கும் பட்டறைகள் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக் காரியாலயத்துக்கு அனுப்பினால், மற்றவர்களுக்கு மாதிரியாக அடுத்த இதழில் அச்சிடலாம்.